சான்று தேவை: ஒரு திருத்தமும் சில கேள்விகளும்



வழக்கமாக இந்தப் பக்கம் ஒரு கண்டனத்தோடு தொடங்கும். கண்டிப்பதற்கு இப்போதும் விஷயம் இல்லாமலில்லை. ஆனால் இந்த முறை கண்டனத்துக்கு உரியது நானே எழுதிய ஒரு பத்தி. சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரு செய்தி தவறானது. தெரியாமல் செய்த தவறுதான் என்றாலும், தெரிந்துகொள்ள வழி இருந்தும் தேடாமல் செய்தது. அதைத் திருத்துவது என் கடமை. அந்தத் தவறு எப்படி என் கண்ணில் பட்டது என்று சொல்ல வேண்டுமானால், ராத்திரிகளில் நான் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

"இன்னா தோழர், கூட்டத்துக்குக் கூப்ட்டா வேல இருக்குதுன்ற. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உன் வூட்ல லைட் எரியுது. அப்படி இன்னாதான் பண்ற?" என்று கேட்டார் நம் இதழைக் கட்டுக்கட்டாகச் சுமந்து விற்கிற தோழர் ஒருவர்.

விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன், அறிவியல் வரலாறு பற்றி என்றேன்.

"காசு குடுப்பானா?"

"இல்ல."

"பேராவது வருமா?"

"அதுவும் இல்ல. ஒரு புனைபேர்லதான் எழுதுறேன்."

"அப்புறம் எதுக்குப்பா? நம்ம பத்திரிகைக்கே எழுத ஆளில்ல. சுடுகாட்டுப் பாதைய மறிச்சிட்டான்னு அங்க சனங்க ரோட்டுல குந்தினுகீறாங்க. நீ இன்னாடான்னா நட்சத்திரம், கொசு, மைக்ராஸ்கோப்னு எழுதினுகீற."

நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

*

கலைக்களஞ்சியம் என்பது ஓர் அதிகாரம். எது அறியத் தக்கது, யார் அறியத் தக்கவர் என்று முடிவு செய்கிற இடம் அது. தமிழில் 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்தது. பிறகு தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 தொடங்கி 1968 வரை 'கலைக்களஞ்சிய'த்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. இரண்டுமே பெரும் உழைப்பு. அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் சேரியில் பிறந்த ஒருவன் அவற்றை நூலகத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம், அவ்வளவுதான். ஒரு வரி பிழை என்று பட்டாலும், ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தாலும், அவன் போய்ச் சொல்வதற்கு ஒரு வாசல் இருந்ததில்லை.

2001 ஜனவரி 15இல் விக்கிப்பீடியா ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ்ப் பதிப்பு 2003இல். இன்றைக்குத் தமிழில் மட்டும் ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆட்கள் எழுதியது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'தொகு' என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நீங்களும் எழுதலாம், திருத்தலாம். 'உரையாடல்' என்று இன்னொன்று. அங்கே போய்ச் சண்டை போடலாம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 'வரலாறு' என்கிற பொத்தான். எந்த வரியை யார் எந்த நாளில் எழுதினார், யார் எப்போது அழித்தார் என்பதெல்லாம் அதில் அப்படியே இருக்கும். வழக்கமாக அழித்தவன் தடயமில்லாமல் போய்விட முடியாது. ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளுக்கு இப்படி ஒரு பக்கம் இருந்திருந்தால் நம் வழக்குகளில் எத்தனையோ ஜெயித்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

'யார் வேண்டுமானாலும் எழுதலாம்' என்பதைக் கேட்டவுடன் உணர்ச்சிவசப்பட வேண்டாம். ஊர்க் குளத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுக்கலாம் என்று சட்டமும்தான் சொல்கிறது. நேரம் இருப்பவன், ஆங்கிலம் தெரிந்தவன், மேசையும் நாற்காலியும் இருப்பவன் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். தன் சாதியை ஆண்ட பரம்பரையாக்கி எழுதுவதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. ஆங்கிலப் பதிப்பில் தெற்காசியச் சாதிகளைப் பற்றிய பக்கங்களில் சண்டை தாங்காமல் 2012இல் தனியாகக் கட்டுப்பாடே கொண்டுவர வேண்டியதாயிற்று. இணையத்தில் சாதி இல்லை என்று நம்புகிறவர்கள் அந்தப் பக்கங்களின் 'வரலாறு' பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும்.

*

சரி, அதிலும் அறிவியல் வரலாறு எதற்கு?

என் பெரியப்பா ஒரு மாவட்டத் தலைநகரத்து அரசு மருத்துவமனையில் பிணவறையில் வேலை பார்த்தார். பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர். போஸ்ட்மார்ட்டத்தில் அறுப்பது, எடுப்பது, தைப்பது எல்லாம் அவர்தான். டாக்டர் வாசலருகே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பார். பெரியப்பா உள்ளேயிருந்து, "கல்லீரல் வீங்கிக் கெடக்குது சார், வயித்துல மருந்து வாட வருது" என்று சொல்வார். டாக்டர் எழுதிக்கொள்வார். புதிதாக வருகிற ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளுக்கு எங்கே கத்தியை வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததும் அவர்தான். அந்தப் பிள்ளைகள் இப்போது பெரிய டாக்டர்கள். பெரியப்பா குடித்துக் குடித்தே செத்துப்போனார். அந்த நாற்றத்தில் குடிக்காமல் யாரும் நிற்க முடியாது என்று பெரியம்மா சொல்லும்.

மருத்துவக் கல்லூரியின் வரலாற்றைப் படிக்கப்போனால் எனக்கு முதலில் கிடைத்தது 1836. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிட் மதுசூதன் குப்தா மனிதப் பிணத்தை அறுத்தார். நவீன காலத்தில் அப்படிச் செய்த முதல் இந்தியர் அவர் என்று எழுதியிருக்கிறது. ஜனவரி 10 என்று சிலர், அக்டோபர் 28 என்று சிலர். தீட்டை உடைத்த வீரச்செயல் என்று கொண்டாடுகிறார்கள். கோட்டையில் பீரங்கி முழங்கியது என்றுகூட ஒரு கதை உண்டு. அவர் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் கேட்கத் தோன்றியது வேறு. அந்தப் பிணத்தைத் தூக்கிவந்து மேசையில் கிடத்தியது யார்? அறுத்து முடிந்த பிறகு அள்ளிக்கொண்டு போனது யார்? வங்காளத்தில் தலைமுறை தலைமுறையாகச் சுடுகாட்டுக்கும் பிணவறைக்கும் ஒதுக்கப்பட்ட டோம் சாதி மக்கள் பிணத்தைத் தொட்டபோது எந்தக் கோட்டையிலும் பீரங்கி முழங்கியதாகக் கதைகூட இல்லையே, ஏன்?

இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்தால் அறிவியலின் வரலாறு முழுக்கப் பெயரில்லாத கைகளாகத் தெரிகிறது. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவைதான் பிற்பாடு இமயமலை வரைக்கும் போய் எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னது. அந்த அளவைக்கான தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தின் மேலே அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. கருவிக்குப் பட்ட அடி வரலாற்றில் இருக்கிறது. லாம்டன் அதைத் தன் கையாலேயே சரிசெய்த பொறுமையும் இருக்கிறது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இல்லை.

அம்மைப்பால் கதையும் அப்படித்தான். 1802 ஜூன் 14இல் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குப் பால் குத்தினார்கள். இந்தியாவில் அது பலித்த முதல் ஆள் அவள். அன்றைய முறையில் ஒரு பிள்ளையின் கையில் கட்டிய கொப்புளத்திலிருந்து எடுத்துத்தான் அடுத்த பிள்ளைக்குக் குத்த வேண்டும். பிள்ளை மாற்றிப் பிள்ளையாக அந்தச் சங்கிலி ஊர் ஊராகப் போனது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கீழ்ச்சாதிப் பிள்ளையின் கையிலிருந்தா பால் எடுப்பது என்று மேல்சாதியார் மறுத்தது வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. மறுத்தவர்களின் தீட்டு பதிவானது. கையை நீட்டிய பிள்ளைகளின் பெயர் பதிவாகவில்லை.

1897 ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு. அந்தக் கொசுக்களைத் தன் உடம்பில் கடிக்கவிட்டவர் உசேன் கான் என்ற நோயாளி. ஒரு கொசுவுக்கு ஓரணா கூலி. பத்துக் கொசு, பத்தணா. ராஸ் அதை எழுதிவைத்ததால் உசேன் கானின் பெயராவது நமக்குக் கிடைத்தது. இந்த வரியை ஒரு பக்கத்தில் சேர்ப்பதற்கு ஒரு ராத்திரி ஆகும். பெயர் சரிதானா, தேதி சரிதானா, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி எழுத வேண்டும். இதைத்தான் தோழர், ரெண்டு மணி வரைக்கும் செய்கிறேன்.

*

இனி விதிகள். விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகள் மூன்று. நடுநிலையாக எழுது. சரிபார்க்கக்கூடிய சான்றோடு எழுது. உன் சொந்த ஆய்வைக் கொண்டுவந்து கொட்டாதே. சான்றில்லாத வரிக்குப் பக்கத்தில் யாராவது 'சான்று தேவை' என்று சின்ன எழுத்தில் குறி போட்டுவிட்டுப் போவார்கள். இவை தவிர 'குறிப்பிடத்தக்கமை' என்று ஒரு விதி: ஒருவரைப் பற்றிப் பிறர் போதுமான அளவு எழுதியிருந்தால்தான் அவருக்கென்று ஒரு பக்கம்.

பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறர் என்பவர் யார்? யாரைப் பற்றி எழுதினார்கள்? கனடாவின் டோனா ஸ்டிரிக்லாண்ட் பற்றி எழுதிய கட்டுரை 2018 மே மாதம் போதிய சான்றில்லை என்று ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு பக்கம் பிறந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 117ஆம் தனிமமான டென்னிசினைக் கண்டுபிடிப்பதற்குத் தேவைப்பட்ட பெர்க்கிலியத்தைத் தூய்மைப்படுத்திய குழுவில் இருந்தவர் கிளாரிஸ் ஃபெல்ப்ஸ், கறுப்பினப் பெண். அவரைப் பற்றிய பக்கம் 2019இல் நீக்கப்பட்டது. பெரிய விவாதத்துக்குப் பிறகு 2020இல் திரும்பி வந்தது. விதியில் நிறமும் இல்லை, பாலும் இல்லை, சாதியும் இல்லை. ஆனால் யாரைப் பற்றிப் பத்திரிகை எழுதியது, யாரைப் பற்றி எழுதவில்லை என்பதில் எல்லாமே இருக்கிறது. அங்கே விழுந்த ஓட்டை இங்கே விதியாக வந்து நிற்கிறது.

இந்த விமர்சனத்தை நாம் உரக்கச் சொல்ல வேண்டும். நம் சிற்றிதழ்கள், துண்டறிக்கைகள், நினைவுமலர்கள் ஆகியவற்றில் கிடக்கிற வரலாறு சான்றாக எளிதில் ஏற்கப்படுவதில்லை. என் பெரியப்பாவைப் பற்றி நான் அங்கே ஒரு வரி எழுத முடியாது. எனக்குத் தெரியும் என்பது அங்கே சான்றாகாது. ஆரம்பத்தில் இது எனக்குக் கொதிப்பாக இருந்தது. தீண்டாமைக்குச் சாட்சி கேட்டு நம்மைத் திருப்பி அனுப்பும் காவல் நிலையத்தின் குரல் அதில் கேட்டது.

அந்தக் கொதிப்போடு நான் நிற்கும்போதுதான் ஹாமில்டன் நாக்கியிடம் மாட்டிக்கொண்டேன்.

*

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 1967 டிசம்பர் 3இல் கிறிஸ்டியான் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். அந்த அறுவையில் கொடையாளியின் உடம்பிலிருந்து இதயத்தை எடுத்தது நாக்கி என்ற கறுப்பினத் தோட்டக்காரர் என்றும், நிறவெறி அரசு அதை மறைத்துவிட்டது என்றும் இதே பக்கத்தில் எழுதினேன். 'தோட்டக்காரன் கையில் துடித்த இதயம்' என்று தலைப்பும் வைத்தேன். அந்தப் பத்தி நம் இதழில் வந்ததிலேயே அதிகம் பரவியது. மாணவர் விடுதிச் சுவரில் எழுதினார்கள். ஏப்ரல் 14 கூட்டங்களில் பேசினார்கள். ஒரு கல்லூரிப் பிள்ளை அதை மனப்பாடமாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நாக்கிக்குத் தமிழில் நல்ல பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சான்று தேடினேன். கிடைத்தது வேறு. 2005 மே மாதம் நாக்கி இறந்தபோது உலகப் பத்திரிகைகள் பலவும் இந்தக் கதையை எழுதின. அந்த அறுவையில் இருந்தவர்கள் மறுத்தார்கள். விசாரித்துப் பார்த்துவிட்டு, நியூயார்க் டைம்ஸ், எக்கனாமிஸ்ட் போன்ற ஏடுகள் அதே ஆண்டே தவறு என்று திருத்தம் வெளியிட்டன. அந்த அறுவையில் நாக்கி பங்கெடுக்கவில்லை. திருத்தம் வந்து பல ஆண்டுகள் கழித்து நான் அந்தப் பொய்யை எழுதியிருக்கிறேன்.

உண்மை என்ன? நாக்கி பதினான்கு வயதில் கேப்டவுனுக்கு வந்து பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தவர். 1954இல் ராபர்ட் கோட்ஸ் என்ற மருத்துவர் ஓர் ஒட்டகச்சிவிங்கியை ஆய்வுக்காகப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டார். அப்படி ஆய்வுக்கூடத்துக்குள் போனவர் மயக்கமருந்து கொடுக்கவும், விலங்குகளில் உறுப்பு மாற்று அறுவை செய்யவும் கற்றுக்கொண்டார். முறையான படிப்பில்லாத அந்த மனிதர் பட்டம் பெற்ற அறுவை மருத்துவர்களுக்கே பயிற்சி கொடுத்தார். 1991இல் ஓய்வு பெற்றபோது கிடைத்தது தோட்டக்காரருக்கான ஓய்வூதியம். 2003இல் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முதுகலைப் பட்டம் கொடுத்தது.

இது போதாதா? இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு நிறவெறி மேல் வைக்க முடியுமா? எனக்குப் போதவில்லை. ஏனென்றால் எனக்கு வேண்டியது நாக்கி இல்லை. கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த டாக்டரை ஒருநாளாவது ஓரமாகத் தள்ளிவிட்டு என் பெரியப்பா மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். அதைக் கேப்டவுனில் நடந்ததாக யாரோ சொன்னார்கள், நம்பிவிட்டேன். நம் ஆசையைச் சான்றாக எடுத்துக்கொள்வதன் விலை இதுதான். பொய் பொய்யென்று தெரிந்தவுடன், நாக்கி உண்மையாகச் செய்ததையும் சேர்த்து, 'அது கட்டுக்கதையாம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவருக்கு இரண்டாவது முறையாக அநியாயம் நடக்கிறது. அதில் எனக்கும் பங்கிருக்கிறது.

இதற்குப் பக்கத்தில் விவியன் தாமஸை வைத்துப் பாருங்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டுப் பணமில்லாமல் ஆய்வுக்கூட உதவியாளராகப் போனவர். தொடக்கத்தில் துப்புரவாளர் என்ற பதவியில்தான் சம்பளம். நீலக் குழந்தைகள் என்று சொல்லப்படும் இதயக் குறையுள்ள பிள்ளைகளுக்கான அறுவை முறையை விலங்குகளில் செய்து செய்து வகுத்தவர் அவர். 1944 நவம்பர் 29இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளேலாக் முதல் அறுவையைச் செய்தபோது, பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று வழி சொல்லிக் கொடுத்தவர். இந்தக் கதையை யாராலும் அசைக்க முடியவில்லை. ஏனென்றால் அவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிவிட்டுப் போனார். 1985இல் அது புத்தகமாக வந்தது.

*

இதையெல்லாம் கேட்டுவிட்டு நம் தோழர் கோபப்பட்டார். "அவன் புராணத்த வரலாறுன்றான். குரங்கு பாலம் கட்டுச்சின்றான், யான தல ஒட்டுனது பிளாஸ்டிக் சர்ஜரின்றான். அதுக்கெல்லாம் எவன் சான்று கேட்டான்? நம்ம ஒரு கத சொன்னா மட்டும் திருத்தணுமா?"

திருத்தத்தான் வேண்டும் தோழர். அவர்களிடம் சான்று கேட்கிற உரிமை நம் கையில் இருக்கிற ஒரே கூர்மையான ஆயுதம். நாமே அதை மழுங்கடித்துக்கொண்டால் மிஞ்சுவது அவனுக்கு ஒரு புராணம், நமக்கு ஒரு புராணம். புராணச் சண்டையில் கோயிலும் பத்திரிகையும் தொலைக்காட்சியும் வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான்.

இதில் பாபாசாகேப்தான் நமக்கு முன்மாதிரி. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அறிவியல் என்ற பெயரில் மூக்கை அளந்தார்கள். 1901 கணக்கெடுப்புக் காலத்தில் ரிஸ்லி மூக்களவை வைத்துச் சாதிக்கு இன வரிசை போட்டார். சென்னையில் எட்கர் தர்ஸ்டன், அருங்காட்சியகத்தின் தலைவர், மண்டை ஓட்டையும் மூக்கையும் அளந்து அளந்து குறித்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகள் வந்தன. அம்பேத்கர் அதைப் பார்த்து இது ஆரியச் சூழ்ச்சி என்று கூச்சல் போட்டுவிட்டு நகரவில்லை. 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அதே மூக்களவு எண்களை எடுத்து அடுக்கினார். இந்த அளவுகளை நம்புவதென்றால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் ஆகும், தீண்டாமைக்கு இனம் காரணமில்லை என்று அவர்கள் கணக்காலேயே நிறுவினார். அட்டவணையைக் கண்டு பயப்படாத மனிதர் அவர். நாம் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். மேற்கோள் காட்டும் அவருடைய பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

சான்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் அனுபவம் சொல்கிறேன். மேகநாத சாகாவைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். 1893இல் டாக்கா அருகே சியோராதலி கிராமத்தில் ஒரு சிறு மளிகைக்கடைக்காரருக்குப் பிறந்தவர். வெப்பத்தில் அணுக்கள் அயனியாவதற்கு அவர் 1920இல் கொடுத்த சமன்பாடு இல்லாமல் விண்மீன்களின் நிறமாலையைப் படிக்க முடியாது. கல்கத்தாவில் மாநிலக் கல்லூரி மாணவராக இந்து விடுதியில் தங்கியபோது, கீழ்ச்சாதி என்று அவரைத் தனியே உட்கார்ந்து சாப்பிட வைத்தார்கள். இதைத்தான் சேர்த்தேன். மறுநாள் யாரோ ஒருவர் அழித்துவிட்டார். 'அறிவியலில் சாதியைக் கொண்டுவராதீர்கள்' என்று குறிப்பு.

பழைய ஆளாக இருந்திருந்தால் உரையாடல் பக்கத்தில் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். இந்த முறை வாழ்க்கை வரலாற்று நூலைத் தேடிப் பிடித்து, பக்க எண்ணோடு அந்த வரியைத் திரும்ப வைத்தேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: முகர்ஜி, பானர்ஜி, சர்மா, ஐயர் என்று பெயரிலேயே சாதியைத் தூக்கிக்கொண்டு அறிவியல் வரலாற்றில் நடக்கிறவர்களிடம் இதைச் சொன்னீர்களா? சாகாவைத் தனிப் பந்தியில் உட்கார வைத்தபோது அங்கே சாதியைக் கொண்டுவந்தது யார்? பதில் வரவில்லை. அந்த வரி இன்னும் இருக்கிறது. சின்ன வெற்றிதான். ஆனால் விண்மீன் பற்றிப் படிக்க வருகிற ஒரு பள்ளிப்பிள்ளை அதைப் பார்க்காமல் தாண்டிப்போக முடியாது.

*

மாணவத் தோழர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

நம் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். மாதம் இருக்கும், வருஷம் இருக்காது. அச்சகத்தின் பெயர் இருக்கும், ஊர் இருக்காது. 'நேற்று நடந்த கொடுமை' என்று தொடங்கும், எந்த நேற்று? முப்பது வருஷம் கழித்து அதை வைத்து யாரும் எதையும் நிறுவ முடியாது. நாள், மாதம், ஆண்டு, இடம் நான்கையும் போடுங்கள். நம் இதழும் இதில் குற்றவாளிதான். பழைய இதழ்களில் சிலவற்றுக்கு ஆண்டு எது என்று எனக்கே குழப்பம்.

வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். தோல் பதனிடும் தொட்டியில் எத்தனை நாள், எந்தப் பட்டை, எவ்வளவு சுண்ணாம்பு என்று தாத்தாவுக்குத் தெரிந்தது வேதியியல். எந்தப் பச்சிலை எந்தப் பூச்சிக்கடிக்கு என்று ஆயாவுக்குத் தெரிந்தது மருத்துவம். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கியவர். மருத்துவமும் எழுத்தும் நம் மரபில் ஒரே கையில் இருந்திருக்கின்றன. பதிவு செய்ததைக் கல்வெட்டுப் போல அப்படியே நம்பாமல், இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபாருங்கள். பிறகு கட்டுரையாக எழுதுங்கள், ஆய்வேடாக்குங்கள், புத்தகமாக்குங்கள். புத்தகமானால் அது சான்று. சான்றானால் கலைக்களஞ்சியத்துக்குள் வரும். சுற்றுவழிதான். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

வாரத்துக்கு ஒரு ராத்திரி போதும், கணக்கு ஒன்றைத் தொடங்கி ஒரு பக்கத்தைத் திருத்துங்கள். முதலில் உங்கள் ஊர், உங்கள் பள்ளி, உங்களுக்குப் பிடித்த ஒரு விஞ்ஞானி. நம்மவர் என்பதற்காக ஒரு சொல் கூட்டாதீர்கள். அவர்கள் என்பதற்காக ஒரு சொல் குறைக்காதீர்கள். தஞ்சாவூரில் அந்தக் கயிற்றைப் பிடித்தவர்கள் நம் ஆட்கள் என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. எழுத மாட்டேன். யாரென்று தெரியவில்லை என்பதுதான் அங்கே எழுத வேண்டிய செய்தி. தெரியாமல் போனது ஏன் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சுடுகாட்டுப் பாதைக்காக உட்கார்ந்திருக்கும் மக்களோடு நாளை நானும் உட்காரப் போகிறேன் தோழர். அந்தப் பாதை புறம்போக்கு என்பதற்கு வருவாய்த் துறை ஆவணத்தின் நகலைக் கையில் எடுத்து வருகிறேன். இரண்டும் வேறு வேறு வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

நாக்கி பற்றிய அந்தப் பத்தியை இந்த இதழோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சுவரில் எழுதிய தோழர்கள் அதை அழித்துவிட்டு, 1991இல் தோட்டக்காரருக்கான ஓய்வூதியம் என்ற வரியை எழுதட்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்தப் பிள்ளை இதைப் படிக்க நேர்ந்தால், மன்னிக்க வேண்டும். உனக்கு நான் கொடுத்தது பொய். உண்மை அதைவிடக் கனமானது. அதை நீ தாங்குவாய் என்று அன்றைக்கே நான் நம்பியிருக்க வேண்டும்.

பெரியப்பாவின் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை. ஆனால் அவர் வேலை பார்த்த ஆண்டுகளையும், கூட வேலை பார்த்தவர்கள் சொன்னதையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினேழு பக்கம் ஆகியிருக்கிறது.

ஜெய்பீம்.